இடது கை விசைகள்

அக்காவின் வலது கையில் நாலு விரல்கள் மடங்காது. புருஷன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவை. மவுஸைக்கூடப் பிடிக்க முடியாத அந்தக் கையோடுதான் எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் படங்கள் அத்தனையையும் கட்டி மேய்த்தாள்.

அவளுடைய கம்ப்யூட்டரில் ஐகான் எதுவும் இருக்காது. கறுப்புத் திரை, வரிவரியாகக் கோப்புப் பெயர்கள், அவ்வளவுதான். எல்லாம் விசைகளாலேயே நடக்கும். அதைக் கற்றுக்கொடுத்தவனும் அந்த மகராசன்தான். கம்ப்யூட்டர்தான் அவன் தொழில். அவன் பழக்கத்தில் ஜே என்றால் கீழே, கே என்றால் மேலே, டி-யை இரண்டு தட்டுத் தட்டினால் கோப்பு காலி. கை போனபின் அவள் எல்லாவற்றையும் இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். எஸ் கீழே, டி மேலே. வலப்பக்க எழுத்துகள் சும்மா. அழிப்பதற்கு விசையே கிடையாது. ஒரு முழுச் சொல்லைத் தட்ட வேண்டும். “கை தவறிப் பட்டுட்டா போச்சே தம்பி” என்பாள்.

அவன் ஆபீஸ் தேடி வந்த அன்றைக்கு மறுநாள் வழக்கு. மகள் யாரிடம் வளர்வது என்ற விசாரணை, ஆதாரங்களை அன்றுதான் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். கை நசுங்கிய அன்று எடுத்த படங்கள்தான் அக்காவின் ஒரே பிடி. அவற்றை எடுத்த போனை அவன் சுவரில் அடித்து உடைத்திருந்தான். அதற்குள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியதால் தப்பின. எங்களையெல்லாம் பிரதி எடுக்கச் சொல்லித் திட்டித் தீர்ப்பவள், இவற்றுக்கு மட்டும் எடுக்கவில்லை. எங்கே வைத்தாலும் தோண்டி எடுத்துவிடுவான் என்ற பயம். வக்கீல் நோட்டீஸில் படங்களைப் பற்றிப் படித்துவிட்டு அவன் புறப்பட்டு வந்தபோது, அந்த ஃபோல்டர்தான் திரையில் திறந்திருந்தது.

அக்கா பிறகு சொன்னபடி, கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தான். முடியைப் பிடித்து அவளை நாற்காலியிலிருந்து இழுத்துப் போட்டு வயிற்றில் மிதித்தான்.

“போட்டோ காட்டி என் பொண்ணப் பிரிக்கப் பாக்குறியா?”

அவள் இடத்தில் உட்கார்ந்தான். திரையைப் பார்த்ததும் சிரித்தான், பாவி. டி, டி என்று தட்டினான். கோப்பைக் காட்டும் வெளிச்சக் கோடு இரண்டு வரி மேலே போனது. கோப்பு அப்படியே இருந்தது. ஜே தட்டினான், அசையவில்லை. மறுபடி டி, டி. இன்னும் மேலே. வேறு வழி ஆயிரம் அவனுக்குத் தெரியும். ஆத்திரத்தில் எது தோன்றும்?

“அழிக்க எந்த கீ-டி? சொல்லு!”

மடங்காத விரல்களைக் குதிகாலால் மிதித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் ஓடிவந்த எனக்கு வாசலிலேயே கேட்டது. அக்கா அலறினாள், ஆனால் சொல்லவில்லை. கீபோர்டைப் பிடுங்கி அவள் முகத்தில் ஓங்கி அடித்தான். எழுத்துகள் ரத்தத்தோடு தரையில் சிதறின.

கேமரா ஸ்டாண்டைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். போதாதென்று முழங்காலிலும் ஒன்று. கேஸ் போட்டால் போடட்டும், எனக்குத் துளி வருத்தமில்லை. என் பின்னால் ஓடிவந்த ஆபீஸ் காவலாளி அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அக்காவின் உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தண்ணீர் நீட்டினேன். தட்டிவிட்டாள்.

“தம்பி, கேமரா இருக்குல்ல?”

“ஆம்புலன்ஸ் வருதுக்கா.”

“அதுக்குள்ள எடு. மூஞ்சி, கை, தரை, எல்லாத்தையும்.”

எடுத்தேன். படங்களை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

வேறு கீபோர்டை மாட்டச் சொன்னாள். இடது கையால் எஸ், எஸ் என்று கீழே இறங்கி, பழைய படங்களுக்கு அடியில் புதியவற்றைச் சேர்த்தாள். இந்த முறை பிரதியும் எடுத்தாள்.