ஓணச் சோறு தின்ற வெள்ளை

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்து ஆளாக்கியது மூன்று பிள்ளைகள். ஆடுகளின் கணக்கு தனி. மலையாள நாட்டில், இந்தக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வருவதற்கு முன்பே, தென்காசிப் பக்கமிருந்து கொத்தவேலைக்கு வந்த வீட்டுக்காரரோடு நானும் வந்துவிட்டேன். அவர் சுவர் கட்டினார், நான் ஆடு கட்டினேன்.

இப்போது தொழுவத்தில் இரண்டு. பால் கறக்கும் வெள்ளை, பால் வற்றிய கறுப்பி. ஒன்றுக்கொன்று ஆகாது, பார்த்தால் முட்டிக்கொள்ளும்.

போன ஓணத்தன்று மத்தியானம் நான் சாலைக் கடைத்தெருப் பக்கம் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் ஓணத்துக்கு வாயில்லா ஜீவனுக்கும் இலை போடாமல் விடமாட்டார்கள். குட்டி போட்ட ஆடாயிற்றே என்று வெள்ளைக்குத்தான் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். சோறு, பழம், பாயசம். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தான் மட்டும்தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், இடது வயிறு உப்பி நிற்கிறது. அசைபோடவில்லை. இரண்டு குட்டிகளும் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்துகின்றன. தாய் போனால் குட்டிகளும் போகும். உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மாட்டு டாக்டரம்மா ஓணப் புடவையோடு வந்தாள். மருந்து கொடுத்து, தீவனத்தை நிறுத்தச் சொன்னாள். மறுநாள் வீக்கம் வடிந்தது, ஆனால் வெள்ளை வாயை அசைக்கவில்லை. டாக்டரம்மா மறுபடி வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"அம்மச்சி, ஆட்டுக்கு வயித்துல கண்ணுல காணாத உயிரு கோடிக்கணக்குல உண்டு. புல்லையும் தழையையும் செரிக்க வைக்கிறது அதுகதான். சோத்துப் புளிப்புல அதுக செத்துப்போச்சு. வேற ஆட்டுலேருந்து கொஞ்சம் கடன் வாங்கணும்."

"யாருகிட்ட, கறுப்பிகிட்டயா? அது முட்டத்தான் தரும்."

கறுப்பி அசைபோடும் நேரம் பார்த்து டாக்டரம்மா அதன் வாயிலிருந்து ஒரு கவளத்தை வழித்தெடுத்தாள். இளவெந்நீரில் கரைத்து வெள்ளைக்குப் புகட்டினாள். கறுப்பி முறைத்த முறைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் தொழுவத்துக்குப் போனேன். வெள்ளை கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. குட்டிகள் மடியில் தொங்கின.

அதன்பிறகு டாக்டரம்மா சொன்ன முறைதான். முதலில் வைக்கோலும் பலா இலையும். வயிறு பழகப் பழகத்தான் ஒரு பிடி தவிடு, பிண்ணாக்கு. எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. வெள்ளை இப்போது முன்னைவிட நன்றாகக் கறக்கிறது. கறுப்பியை முட்டுவதையும் விடவில்லை.

இந்த ஓணத்துக்கு அடுத்த வீட்டுக்காரி பாயசத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைக்கு ஒரு கட்டு பலா இலை கொண்டுவந்தாள். "இது கொடுக்காம் இல்லியா?" என்று மலையாளத்தில் என்னைக் கேட்டு, கொடுக்கலாம் என்று நான் சொன்ன பிறகுதான் போட்டாள். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மலையாளப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. எனக்கும் அவசரமில்லை. ஆனால் பிள்ளைகள் மூன்று என்று தொடக்கத்தில் சொன்னது போதாது. ஆட்டு வயிற்றுக்குள் இருக்கும் கோடிப் பேருக்கும் தினம் தீனி போடுகிறவள் நான்தானே. பேத்தியிடம் சொன்னேன்:

"அதுகளையும் சேத்து எழுது மக்களே. எழுதிட்டு, முதல்லேருந்து வாசி, கேப்போம்."