பெட்டியின் அடிப்பக்கத்தைப் படித்த ஜெய்த்தூன் அக்கா

ஜெய்த்தூன் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி விருதுநகரிலிருந்து போன் செய்தபோது, அச்சுக்குப் போகவிருந்த ஒரு டைரியின் முதல் பக்கத்தைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓராண்டாகச் சிறுநீரக நோய் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. எதிர்பாராத செய்தி இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துகூடக் கண்ணில் ஏறவில்லை. ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும் முன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். பெண்கள் அழுதுகொண்டே அவர் அடித்த கேலிகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அவருக்குப் பொருத்தமான வழியனுப்புதல் அதுதான் என்று பட்டது.

சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மோடம் வாங்கிய கதை பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இணையம் டெலிபோன் லைனில் வந்துகொண்டிருந்த காலம். கம்ப்யூட்டரை அந்த லைனோடு இணைக்க மோடம் வேண்டும், எங்களிடம் அது இல்லை. டிசைன் அறையில் நாங்கள் மூன்று பெண்கள். பட்டாசு லேபிளும் காலண்டரும் வரைந்து, மாதிரியை சிடியில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். அந்த சீசனில் கோயம்புத்தூர் நகைக்கடைக்காரர் ஒருவர், மாதிரியை இமெயிலில் அனுப்பினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். அவர் வெளிநாடு கிளம்பும் முன் பார்த்தாக வேண்டும். முதலாளி அண்ணாச்சி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

“அனுப்ப முடியலேன்னா டிசைனை மெட்ராஸ்ல குடுத்துருவேன். இங்கன பிரிண்டிங் மட்டும் நடந்தாப் போதும்.”

அறையையே மூடப்போகிறார் என்று பொருள். அக்கா வேலைக்கு வருவதற்காகப் புகுந்த வீட்டோடு நெடுநாள் மல்லுக்கட்டியவர். விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்துபோனார். இந்த வேலை போனால் இன்னொன்றுக்கு அனுப்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். “மோடம்தானே அண்ணாச்சி, வாங்கிருவோம்” என்று சட்டென்று சொன்னார்.

அண்ணாச்சியின் காரில் மதுரைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டிகளை வரிசையாக வைத்தார். அக்கா கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார், அச்சைப் பார்க்க நாங்கள் வைத்திருப்பது. நான்கு கலரும் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெட்டியில் அவர் கண் நின்றது.

“இதை ஓட்டுன மிஷின்மேனுக்கு மோதிரம் போடலாம் அண்ணாச்சி!”

அண்ணாச்சியும் லென்ஸை வாங்கிப் பார்த்து உருகினார். பெட்டியின் நடுவே மோடத்தின் வேகம் ‘56K’ என்று பொன் நிறத்தில் மின்னியது. அதையே வாங்கினோம். சிவகாசிக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது.

கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டை அது. பாதிப் படம் போவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு காலண்டர் படத்தைத் திறந்தால், திறந்த நொடியில் அறும். கடைக்காரர் போனில் “உங்க ஊர் லைன் சரியில்லை” என்றார். லைன்மேன் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, “லைன் தங்கமா இருக்குக்கா” என்று சொல்லிப் போனார்.

“எங்க தாயி உன் அழகு மோடம்?” என்று அண்ணாச்சி கேட்டபோது அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. காலிப் பெட்டியை எடுத்து வந்து என் மேசைமேல் கவிழ்த்தார்.

“ஏ புள்ள, அச்சைப் பாத்தேன், எழுத்தைப் பாக்காம விட்டுட்டேன். வா, ரெண்டு பேரும் படிப்போம்.”

அடிப்பக்கத்தில் பொடி எழுத்து. ஐம்பத்தாறுக்கு முன்னால் ‘அப் டு’ என்றிருந்தது, அதாவது அது ‘வரை’. அந்த வேகமும் நமக்கு வருவதை வாங்கிக்கொள்ள மட்டும், அனுப்புவதற்கு முப்பத்துமூன்றுதான். அதற்கும் கீழே, இன்ன வேகமுள்ள கம்ப்யூட்டர் கட்டாயம் தேவை என்றிருந்தது. அந்த வரியில் அக்கா விரலை வைத்தார்.

“டெலிபோன்ல பேச கம்ப்யூட்டருக்கு இம்புட்டுத் தெம்பு எதுக்கு? இந்த அட்டை சொந்தமா வேலை பாக்கல. நம்ம கம்ப்யூட்டர் முதுகுல ஏறி உக்காந்திருக்கு. அதான் நாம படத்தைத் திறந்தா கீழே விழுந்துருது.” பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ராக்கெட் லேபிள்ல உயரத்தைப் பெருசாப் போட்டு ‘வரை’யை எறும்பு சைசுல வைக்கிறவளே நான்தான். என்னையே ஏமாத்திட்டான் பாத்தியா!”

மறுநாள் மீண்டும் மதுரை. கடைக்காரர் விடவில்லை. “மேடம், வெளியே வைக்கிற மோடமெல்லாம் பழைய மாடல். இதுதான் இப்ப ஃபாஸ்ட் மூவிங்.”

“ஃபாஸ்ட்டா மூவ் ஆகுறது உங்க சரக்கு. எங்க படம் மூவ் ஆகலையே. அனுப்புறதுக்கு எம்புட்டு வேகம், சொல்லுங்க.”

“அதே ஐம்பத்தாறுதான்.”

அக்கா பெட்டியைத் திருப்பி லென்ஸை அவர் கையில் கொடுத்தார். “நீங்களே படிங்க.” படித்தவர் உள்ளே போய் ஒரு பழுப்பு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். தனி மின்சார இணைப்பு, முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள். அக்கா அடிப்பக்கத்தை முழுதும் படித்தார். இதற்கும் அனுப்பும் வேகம் முப்பத்துமூன்றுதான். ஆனால் கம்ப்யூட்டரின் தெம்பைக் கேட்கவில்லை.

“ஒத்தக் கலர் பெட்டியா?” என்றார் அண்ணாச்சி, மனம் ஆறாமல்.

“காசைப் பெட்டியில போடல அண்ணாச்சி, உள்ள போட்டிருக்கான்.”

அன்று பிற்பகல் படம் கிளம்பியது. விளக்குகள் விடாமல் துடித்தன. மிஷின்மேன்கள்கூட வாசலில் கூடிவிட்டார்கள். பாதி போயிருக்கும்போது அக்கா மௌஸை எடுத்து அடுத்த காலண்டர் படத்தைத் திறந்தார்.

“ஏ தாயி, தொடாத!” என்று அண்ணாச்சி அலறினார்.

“அது வேலையை அது பாக்கட்டும். எங்க வேலையை நாங்க பாக்கிறோம்.”

திரையில் மயில் படம் விரிந்தது. விளக்குகள் நிற்கவில்லை. கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்தது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் கோயம்புத்தூரிலிருந்து போன், ஆர்டர் எங்களுக்குத்தான் என்று. அந்த அறையில் எழுந்த கூச்சலில் மிஷின் சத்தம் கேட்கவில்லை. அக்கா சும்மா இருப்பாரா? “அண்ணாச்சி, மெட்ராஸ்காரங்களுக்கு டிசைன் வேணும்னா நம்மகிட்ட வரச் சொல்லுங்க” என்றார். வந்தார்கள். அடுத்த சீசனில் அண்ணாச்சி நடுச்சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கினார்.

கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவள் நான். விற்பவரிடம் கூசாமல் இன்னொரு கேள்வி கேட்கும் துணிவை அக்காவிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். போன வாரம் பிராட்பேண்ட் விற்க ஒருவர் வந்தார். அவர் நீட்டிய தாளில் ‘அளவில்லாதது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “எதுவரைக்கும் அளவில்லாதது?” என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பிவைத்துப் படிக்க ஆரம்பித்தார். அறை முழுக்கச் சிரிப்பு.

அச்சங்குளத்திலிருந்தும் ஆமத்தூரிலிருந்தும் வரும் இத்தனை பெண்கள் சேர்ந்து சிரிக்க இங்கே ஓர் அறை இருக்கிறது. அது அக்கா ஜெயித்துக் கொடுத்தது.