கொப்பளித்து ஜெயித்தோம்

லேப் டெக்னீஷியனைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. கொரோனா காலத்திலோ கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்கள். மூக்கில் குச்சி வாங்கிய புண்ணியவான்களே, உங்கள் கண்ணில் தண்ணீர் முட்டியபோது "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பொய் சொன்னது என்னைப் போல ஒருத்திதான்.

என் மகள் யாழினிக்கு எட்டு வயது. பிறவியிலேயே ரத்தக் குறைபாடு. மாதாமாதம் நான் வேலை பார்க்கும் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டும். சேர்க்கும் முன் ஒவ்வொரு தடவையும் குச்சி. வேறு கையில் விட மனசில்லாமல் நானே எடுப்பேன். அன்று காலையிலேயே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அப்புறம் சாயங்காலம் வரை என்னோடு பேச்சில்லை.

உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துத் துப்பினாலே கிருமியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கள் டாக்டரம்மா ஆராய்ச்சி தொடங்கியதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். ஒரே ஆளிடம் குச்சியும் எடுக்கணும், கொப்பளித்த நீரும் வாங்கணும். இரண்டின் முடிவும் ஒத்துப்போனால் என் பிள்ளைக்குக் குச்சி வேண்டாம்.

உள்ளே போன சாம்பிள்

ஸ்ரீரங்கத்தில் காய்ச்சலோடு ஒரு பெரியவர். கப்பில் உப்புத் தண்ணீரை நீட்டினேன். கப்பை எச்சில் பண்ண மாட்டேன் என்று வலது கையைக் குழித்து நீட்டினார். ஊற்றினேன். கோயிலில் பழகிய கை சும்மா இருக்குமா? உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். சாம்பிள் போச்சு!

இரண்டாவது தடவையும் அதே கதை. கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற, எனக்கு வந்ததே கோபம். "அண்ணாந்து வாயைத் திறங்க மாமா" என்று மேலிருந்து நேராக ஊற்றினேன். கடகடவென்று கொப்பளித்து, பாட்டிலில் துப்பி, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தீர்த்தத்தைத் துப்பினேன்னு ஆத்துக்காரிகிட்ட சொல்லிடாதேம்மா."

பாஸ் போடாத மனுஷர்

கைலாசபுரத்தில் ஒருவர், தொழிற்சாலையில் தரச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். சாம்பிள் கொடுத்த கையோடு ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஈரமான ஒரு பாட்டிலை அவர் கட்டைவிரலால் தள்ளியதும் லேபிள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நம்பர் உரிந்த பாட்டில் யாருடையது என்று தெரியாமல், லேப்பில் தினமும் இரண்டு மூன்றைக் கொட்டிக்கொண்டிருந்தோம். அதுவரை நான் லேபிள் ஒட்டியவனைத்தான் திட்டினேன், ஐஸ் ஈரத்தைச் சந்தேகப்படவில்லை.

அன்றே மார்க்கர் வாங்கி, பாட்டில் மேலேயே நம்பர் எழுத ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட வீணாகவில்லை. நன்றி சொல்லப் போன் செய்தேன். "நல்லதும்மா. ஆனா நேர்ல பாக்காம நான் பாஸ் போட மாட்டேன்."

முசிறி மண்டி

ஆராய்ச்சிக் கணக்கை முடிக்கச் சனிக்கிழமை கெடு. இன்னும் சில ஜோடி சாம்பிள் குறைந்தது. முசிறி வாழைக்காய் மண்டியில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஓடினேன். துப்ப எல்லோரும் தயார், மூக்கைக் காட்ட ஒருத்தரும் இல்லை. கெஞ்சினேன், ஒன்றும் வேகவில்லை. கடைசியில், ஆராய்ச்சிப் பேப்பரில் இல்லாத காரணத்தைச் சொன்னேன்: யாழினியை.

தார் ஏலம் விடும் செல்வி அக்கா தராசுப் பலகையில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். அவர் பின்னால் பத்துப் பேர் வரிசை கட்டினார்கள். "புள்ளைக்காகன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ம், விடுங்க குச்சியை."

கட்டிலடி காலி

முடிவு வந்தது. இரண்டும் ஒத்துப்போயின! டாக்டரம்மா பேப்பரை மேஜையில் தட்ட, நான் வெட்கமில்லாமல் அழுதேன். குழந்தைகளுக்குக் கொப்பளித்த நீரே போதும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் உத்தரவு போட்டார்கள்.

அடுத்த மாதம் யாழினி கொப்பளித்தாள், துப்பினாள். பிறகு என் இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். குச்சி இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப இனிமே நீ வெறும் அம்மாதானே?"

ஆமாம் சாமி, இத்தனை வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே பிரமோஷன் அதுதான்.