இரண்டாவது கதவு

வில்லாபுரம் பக்கம் வாய்க்கால் கரைக் குடிசைகளை இடித்த அன்று, அரசு ஒதுக்கிய புது வீடுகளுக்குச் சாமான் ஏற்ற என் குட்டியானை வண்டியை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். கடைசியாக வந்த நரைமீசைக்காரர் ஒரு பழைய கதவைச் சுமந்து வந்தார். வண்டியில் ஏறுமுன் தொண்டையைச் செருமினார். எங்கே நுழைந்தாலும் செருமுவாராம். மகனும் மருமகளும் இருக்கிற ஒற்றைக் குடிசையில் வந்த பழக்கம்.

"புது வீட்டுலதான் கதவு இருக்கும்ல, இது எதுக்குண்ணே?" என்றேன்.

"கதவுக்கு ஒரு வீடு தருவாகன்னு பேசிக்கிட்டாக தம்பி. மகனுக்குத் தனியா கெடைக்கட்டுமேன்னு சைடு சொவத்தை வெட்டி இதை மாட்டுனேன். கணக்கெடுக்க வந்த ஆபீசரு, கூரை ஒண்ணுதான, வீடும் ஒண்ணுதான்னுட்டாரு."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேன். கதவு நல்லாருக்குன்னாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தவர், கொஞ்சம் குனிந்து அதன் கீழே படுக்கிறவர்களையும் பார்த்திருக்கலாம்.

பரவை தாண்டி அடுக்குமாடியில் மூன்றாம் தளம். லிஃப்ட் ஓடவில்லை. கதவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மேலே இருந்தது ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும்தான். மருமகள் ஏற்கெனவே பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கதவை அறையின் நடுவே பீரோவில் சாய்த்து நிறுத்தினார். "அங்கிட்டு அவுக ரெண்டு பேரும், இங்கிட்டு நான்" என்றார்.

நான் தண்ணீர் கேட்டேன். குடம் அந்தப் பக்கம் இருந்தது. கதவைச் சுற்றி எங்கும் சுவர் இல்லை. ஆனாலும் அவர் அதன் முன்னால் நின்று செருமிவிட்டு, மருமகளின் பதிலுக்காகக் காத்திருந்தார்.