பிரிக்காத பொட்டலம்

போன புரட்டாசியில் என் கால் இரண்டும் வீங்கின. எட்டு மாதம் முடிகிற நேரம். மெட்டி விரலில் இறுகிக் கழற்ற வரவில்லை. நடவுக்கு வந்த பெண்கள் எல்லாரும், "புள்ளத்தாச்சிக்குக் காலு வீங்காம என்ன செய்யும்? நீர் கோத்திருக்கு, பார்லித் தண்ணி வச்சுக் குடி" என்றார்கள். ஆனால் தலையும் வலித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

என் பெயர் செல்வி. திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். நானும் என் வீட்டுக்காரர் முருகேசனும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். அம்மனை, நம் ஆத்தாளை, நம்பி வாழ்கிற உங்களுக்கு, அவள் எனக்குச் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன் ஒன்று. எனக்குச் சந்தேகப் புத்தி. தேங்காய் வாங்கினால் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். பிறகு கடைக்காரர் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பேன்.

அந்தப் புத்தி முற்றிப்போனது என் முதல் பிள்ளையால். அப்போதும் இப்படித்தான் கால் வீங்கியது. வீட்டிலேயே வலிப்பு வந்து, அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "ரொம்ப லேட்டாக் கொண்டாந்துட்டீங்க" என்றார்கள். நான் நம்பவில்லை. இவர்கள் தப்பை மறைக்கத்தான் நம் தலையில் போடுகிறார்கள் என்று நினைத்தேன். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், தெருவே கேட்க மாரடித்து அழுதார். "ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சோம், புள்ளயக் குடுத்துட்டு வந்தோம்" என்றார். அந்த வார்த்தை எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

அதனால் இந்த முறை யார் வந்தாலும் நான் அசையவில்லை. எங்கள் ஊருக்கு வருகிற கிராம நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பிரஷர் ரொம்ப ஏறிக் கெடக்கு செல்வி. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். வண்டிக்கு நான் சொல்றேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"போன தடவை நான் சொன்னப்ப நீ போவலம்மா. வலிப்பு வந்த பின்னாடிதானே போன?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவருக்கு என் மேல் என்ன இவ்வளவு அக்கறை? மேலதிகாரியிடம் நல்ல பேர் வாங்க ஆள் பிடிக்கிறாரோ? சத்து மாத்திரை என்று அவர் கொடுத்ததைக்கூட நான் கொல்லையில்தான் போட்டிருந்தேன்.

அன்று மத்தியானம் இன்னொன்றும் பார்த்தேன். வாய்க்கால் மதகடியில் நர்ஸம்மாவும் அத்தையும் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியைச் சபித்த இவருக்கு நர்ஸம்மாவோடு என்ன ரகசியம்? எனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் கெஞ்சினார். "ஏன்டி இப்படிப் பண்ற? யாரு சொன்னாத்தான் கேப்ப?"

"ஆத்தா சொன்னா கேக்குறேன். பூக் கேப்போம்" என்றேன்.

பூக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனசு ரெண்டுபட்டால் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டி ஆத்தாள் காலடியில் வைப்போம். கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அதை அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

அத்தைதான் பொட்டலம் கட்டினார். வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்குச் செவ்வரளியும் பறித்து வருகிறேன் என்று கோயில் பின்பக்கம் போய், இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தார். நான் தடுக்கவில்லை. என் கணக்கு வேறு. அத்தைக்கு ஆஸ்பத்திரி பிடிக்காது. அவர் ஏதாவது தில்லுமுல்லு செய்தாலும் சிவப்புதான் வரும். எனக்கும் அதுதானே வேண்டும்!

ஆனால் ஆத்தாள் முன்னால் நின்றதும் என் வீறாப்பெல்லாம் போய்விட்டது. கற்பூரம் எரிந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது. அழுதுகொண்டே கேட்டேன். "ஆத்தா, எல்லாரும் என்னை ஏமாத்துறாங்க. நீ மட்டும் ஏமாத்திடாத. இந்தப் புள்ள எனக்கு வேணும்."

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை.

உடம்பு சிலிர்த்தது. அத்தை கட்டியும் வெள்ளை வந்திருக்கிறதே, இது ஆத்தாள் வாக்குதான்! "வண்டிக்குச் சொல்லுங்க" என்றேன். வீட்டுக்காரர் போனைத் தேடி ஓடினார். அப்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தை மற்றப் பொட்டலத்தை எடுத்து, ஆற்றுப் பக்கம் போகாமல், இடுப்பில் இருந்த சுருக்குப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சுருக்குப் பைதான் கண்ணில் நின்றது. எதற்கு வைத்துக்கொண்டார்? செய்வினை கிய்வினை ஏதாவது செய்யவா? பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பெண்ணிடம் மூன்று தடவை கேட்டேன், "இது என்ன ஊசி? எதுக்கு?" அவர் முகம் சுளிக்காமல் சொன்னார், "வலிப்பு வராம இருக்க." டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா" என்றார். அன்றே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள்.

பெண் பிள்ளை. உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, வலது காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தை முதல் வேலையாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு அவளைத் துணியில்லாமல் என் நெஞ்சில் ஒட்ட வைத்து, சேலையால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். "உன் சூடுதான் அதுக்கு மருந்து" என்றார்கள். இதென்ன வைத்தியம் என்று முதலில் அதையும் நான் நம்பவில்லை. நாளாக நாளாக அவள் சப்பிக் குடிக்கத் தொடங்கினாள். என் நெஞ்சின் மேலேயே தும்மினாள். நான் ஓவென்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பொட்டலம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் அத்தை வாய்க்காலுக்குக் குளிக்கப் போன நேரம், ஆணியில் மாட்டியிருந்த சுருக்குப் பையை எடுத்தேன். வெற்றிலைக் காம்புக்கு அடியில் அது இருந்தது. வாழையிலை சருகாகிப் போயிருந்தது. பிரிக்கக் கூடாது என்று தெரியும். பிரித்தேன்.

செவ்வரளி காய்ந்தால் கறுஞ்சிவப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. வெளிறிய பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடந்தது. நந்தியாவட்டை.

ஈரச் சேலையோடு அத்தை வாசலில் நின்றார். என் கையைப் பார்த்தார்.

"அத்தை, ரெண்டும் வெள்ளையா?"

"ஆமாண்டி."

"ஆத்தாளையே ஏமாத்துனீங்களா?"

"அவள ஏன்டி ஏமாத்துறேன்? அவகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டுனேன்." வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நர்ஸம்மா மதகடியில வச்சு எல்லாம் சொல்லுச்சு. லேட்டாப் போனதாலதான் மொதப் புள்ள போச்சாம். நாந்தான் உன்னைப் போவ விடாம வச்சிருந்தேன். நான் போன்னு சொன்னா நீ நம்புவியா? யாரு சொன்னா நீ நம்புவ? பெத்தவகிட்டப் பேசுற மாதிரி ஆத்தாகிட்டப் பேசுனேன். சிவப்பப் பறிக்கக் கை வரலடி."

"அப்ப இத ஏன் ஆத்துல விடல?"

"புள்ளயக் காப்பாத்துன பூவு. தூக்கிப் போட மனசு வரல."

பிள்ளையைத் தூக்கி அத்தையின் ஈரச் சேலை மடியிலேயே வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போட்டேன். ஆத்தாளை நிமிர்ந்து பார்த்து, "நீயும் இவங்களோட கூட்டா?" என்று கேட்டேன். நீ மட்டும் ஏமாற்றாதே என்று கேட்ட என்னைக் கண்ணெதிரே ஏமாற்றி, என் உயிரையும் பிள்ளை உயிரையும் கையில் கொடுத்திருக்கிறாள். என்ன தெய்வம் அவள்! இப்போது நர்ஸம்மா கொடுக்கிற மாத்திரை கொல்லைக்குப் போவதில்லை. என்ன மாத்திரை என்று கேட்டுவிட்டு விழுங்குகிறேன். கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

என் மாதிரி நம்பிக்கை அற்றுப் போனவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு கால், முகமெல்லாம் வீங்கினால், தலை வலித்தால், கண் மங்கினால், பூக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். போய்விடுங்கள். ஆத்தாள் அங்கேயும் வருவாள். இல்லை, கேட்டால்தான் மனசு ஆறும் என்றால் கேளுங்கள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வையுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டுங்கள். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.