கரியை எடுங்கள் என்றேன்

மீன் வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறந்து திறந்து மூடுவான், ஒரு வார்த்தை வராது. கூட வந்தவரோ வாயை மூடவே மாட்டார். காஞ்சிபுரத்தில் வண்ணமீன் கடை வைத்து, ஊரிலுள்ள தொட்டிகளில் எந்த மீன் செத்தாலும் ஏச்சு வாங்கிக்கொள்பவன் நான். வீட்டில் தொட்டி வைத்து, பில்டரோடு மல்லுக்கட்டி, காலையில் பல் துலக்கும் முன்பே மீன் நீந்துகிறதா மிதக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான்.

ரவை

சரோஜாம்மா பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். "மீன் மேல ரவை தூவின மாதிரி இருக்குது பாய்" என்று கடைக்குள் வந்தார். வெள்ளைப்புள்ளி நோய் என்று அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. விட்டால் தொட்டியே காலியாகும்.

மீன்கள் அவருடையவை அல்ல. மருமகள் நித்யா கல்யாணமாகி வரும்போது ஆசையாகக் கொண்டுவந்த கோல்டுபிஷ் ஜோடி. பிரசவத்துக்குத் தாமலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், மாமியார் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறாள். இப்போது கைக்குழந்தையோடு திரும்பப் போகிறாள். கொஞ்ச நாளில் கம்பெனி வேலைக்கும் போயாக வேண்டும். பிள்ளையை இங்கே விடுவாளா, தாமலில் தன் அம்மாவிடம் விடுவாளா என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லையாம். சரோஜாம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"ரெண்டு மீனைப் பாத்துக்கத் தெரியாதவ கிட்ட யாரு பாய் பச்சைப் புள்ளைய உடுவாங்க?"

வாசற்படி

நீல மருந்தைக் கொடுத்து, எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் தெருவில் இறங்கிய பிறகுதான் முக்கியமான விஷயம் ஞாபகம் வந்தது. சில பில்டர்களில் தண்ணீரைத் தெளிய வைக்கக் கரித்துண்டு அடைத்த பை இருக்கும். அது மருந்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கடையில் கூட்டம். நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்: "மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி கரியை எடுத்துடுங்கம்மா!"

திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்வை ஏன் அப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பதில் நிம்மதியாக இருந்தது. பில்டரில் வெறும் பஞ்சு மட்டும்தான் போலிருக்கிறது என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

"அதெல்லாம் எங்க வீட்டு வாசப்படியே தாண்டாது பாய்!"

தறி நின்றால்தான் தூக்கம்

பிறகு சரோஜாம்மாவிடமிருந்து போன். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவாம். பில்டர் ஓடுகிறதா என்று கேட்டேன். எதிர்முனையில் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் நடந்து, போன் அவருடைய கணவர் ஏகாம்பரத்தின் கைக்கு மாறியது. அவர் நெசவாளி. தினமும் படுக்கப் போகும்போது பில்டர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பாராம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பில்டர் நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது, நோயாளி மீன் மூச்சுக்குத் திண்டாடும் என்று சத்தம் போட்டேன். மனிதர் அசரவில்லை.

"பகலெல்லாம் தறி ஓட்டுறவன் பாய் நானு. தறி நின்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இது நிக்கவே மாட்டேங்குதே!"

தெளிந்த தண்ணீர்

அடுத்து வந்த போனில் சரோஜாம்மாவின் குரல் துள்ளியது. "மருந்து மொத்தமா ஏறிடுச்சு பாய்! தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்குது!" மருந்தின் நீலம் அப்படிப் போகக் கூடாது. கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஒரு மீன் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. இன்னொன்றின் வால் முழுக்கப் புள்ளி. சரோஜாம்மா மட்டும் சந்தோஷமாக நின்றார். அவர் தொழிலில் சாயத்தண்ணீர் தெளிந்தால், சாயம் முழுக்க நூலில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதே கணக்கில், மருந்து முழுக்க மீனில் ஏறிவிட்டதாக நினைத்துவிட்டார். நான் பில்டரைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக உட்கார்ந்திருந்தது கரிப்பை.

"இதைத்தானேம்மா எடுக்கச் சொன்னேன், கரியை!"

"ஐயோ, இந்தக் கரியா? நீங்க பாயாச்சே, தின்ற கறியச் சொல்றீங்கன்னு நெனச்சேன். நாங்க சைவம் பாய்!"

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மருந்தைக் குடித்தது மீன் இல்லை, இந்தப் பைதான் என்று சொல்லி அதை அவர் கையில் வைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ மீனு நூலு இல்ல பாய். இந்தக் கரிதான் நூலா இருந்துக்கினு எல்லாத்தையும் இழுத்திருக்குது."

கனகாம்பரக் கலர்

சாய்ந்து கிடந்த மீன் செத்துப்போனது. மற்றது நீலத் தண்ணீரில் தாக்குப்பிடித்தது, புள்ளிகளும் உதிர ஆரம்பித்தன. அதற்குள் நித்யா திரும்பி வரும் நாள் வந்துவிட்டது. அன்று காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே சரோஜாம்மா வாசலில் நின்றிருந்தார். அதே மாதிரி ஒரு மீன் வேண்டும், மருமகளுக்குத் தெரியக்கூடாது என்றார்.

ஒவ்வொன்றாகப் பிடித்துக் கவரில் போட்டுக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்று மாம்பழக் கலர், ஒன்று அரக்கு, ஒன்று இரண்டுங்கெட்டான். செத்த மீன் கனகாம்பரமாம். எனக்கு எல்லாமே ஆரஞ்சாகத்தான் தெரிந்தது. கடைசிக் கவரை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"வேணாம் பாய். நூல்ல கலர் தப்பினாக்கூட யாவாரி கிட்ட நான் மறைச்சதில்ல, மருமக கிட்டயா மறைக்கப் போறேன்?"

ஆட்டோ வந்தது

தண்ணீர் மாற்றிக் கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. சரோஜாம்மா ஆரத்தி சுற்றினார். நித்யா பிள்ளையைத் தோளில் போட்டபடி நேரே தொட்டியிடம் வந்தாள். பார்த்தாள், குனிந்து மறுபடியும் பார்த்தாள். நான் வாளியோடு ஓரமாக ஒதுங்கினேன். ஏகாம்பரம் சுவரோடு சுவராக நின்றார். பில்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணு போயிடுச்சும்மா" என்றார் சரோஜாம்மா. "வேற ஒண்ணு வாங்கி உட்டு மறைக்கலாம்னு கடை வரைக்கும் போனேன். மனசு வர்ல."

நித்யா தோளிலிருந்த பிள்ளையை இறக்கி, மாமியாரின் மருந்துநீலம் போகாத கைகளில் கொடுத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா கிட்டயும் ஒரு மீனை உட்டுட்டுப் போனேன் அத்தை. அது செத்ததும் வேற ஒண்ணு வாங்கி உட்டுட்டு, இன்னிக்கி வரைக்கும் அம்மா அதேதான்னு சொல்லிக்கினு இருக்குது. நான் வேலைக்குப் போனா புள்ள இங்கயே இருக்கட்டும்."

இரண்டு மீனுக்கு மருந்து கொடுத்து ஒரு மீனையும் ஒரு மாமியாரையும் பிழைக்க வைத்திருக்கிறேன், ஆகக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.