ஒரு கையும் கண்ட்ரோல் பட்டனும்

ரிங்லெட் ஊருக்குக் கீழே மலைப்பாதை வளைவு ஒன்றில் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்ததில் என் இடது கை போயிற்று. கை உடம்போடுதான் இருக்கிறது. தோளுக்குக் கீழே அசையாது, அவ்வளவுதான். அதற்கு முன்பே நான் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிகளுக்குத் தாள்கள் அடித்துக் கொடுப்பது என் வேலை. பல மாதம் கழித்துத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒற்றைக் கையால் அடிக்கப் பழக்கியது ஈப்போவில் எனக்குச் சிகிச்சை கொடுத்த பெண். மவுசுக்கும் கீபோர்டுக்கும் கை மாறி மாறிப் போனால் வேலை இழுக்கும், எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்யுங்கள் என்றார். ஆனால் கண்ட்ரோலையும் ஓர் எழுத்தையும் சேர்த்து அமுக்க வேண்டுமே, ஒரு கை எப்படி எட்டும்? அதற்கென்று கம்ப்யூட்டரிலேயே ஒரு வசதி இருக்கிறது. அவரே ஒரு நாள் ஆபீசுக்கு வந்து அதைப் போட்டுக் கொடுத்தார். கண்ட்ரோலை ஒரு தட்டு தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்துத் தட்டும் எழுத்தோடு அது தானாகவே சேர்ந்துகொள்ளும். கண்ட்ரோல், அப்புறம் சி, நகல் எடுத்தாயிற்று. கண்ட்ரோல், அப்புறம் வி, ஒட்டியாயிற்று. இரண்டு கை உள்ளவர்கள் அளவுக்கு வேகமாக நான் வேலை செய்தேன் என்றால் அது இதனால்தான்.

போன மழைக்காலத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தானா ராத்தாவிலிருந்து கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். அவர் போனதும் ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினேன். அப்படித் தட்டினால் என் வசதி வந்துவிடும். வந்தது. காலை முழுக்க நன்றாக ஓடியது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கண்ட்ரோல், அப்புறம் சி. நகல் எடுக்கவில்லை. லோரி நம்பர் இருந்த கட்டத்தில் நம்பர் அழிந்து வெறும் 'சி' நின்றது.

மறுபடி ஷிஃப்டைத் தட்டினேன், வந்தது. மத்தியானம் மறுபடி போயிற்று. மறுநாளும் அதே கதை. கண் மேசைத் தாளில் இருக்கும், விரல் அது பாட்டுக்கு ஓடும். திரையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் எதையாவது அழித்திருப்பேன். அப்படி ஒரு தாள் என் கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டது. நம்பர் இல்லாத தாளோடு வந்த லோரியை கேட் காவலர் வெளியே விடவில்லை. டிரைவர் ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டார். மானேஜர் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

டிரைவர் போன பிறகு மானேஜர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நம்ம கடை கவுண்டர்ல ஓர் ஆள் வேணும்மா. சுற்றுப்பயணிகளுக்குப் பாக்கெட் எடுத்துக் குடுக்கிறதுதான். ஒங்களுக்கும் லேசா இருக்கும்."

நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"கோளாறு கம்ப்யூட்டர்ல சார். என் கையில இல்ல."

"சரிம்மா. வெள்ளிக்கிழமை பேசுவோம்."

வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டேன். "கீபோர்டு ரோசாக் ஆயிருக்கும்லா. மலை மேல எப்பவும் ஈரம், கெட்டுப்போயிடும். வேற ஒன்னு மாத்திப் பாருங்க" என்றார். எங்கள் மலையில் ஈரம் கெடுக்காத சாமான் கிடையாது, அதனால் நம்பினேன். எஸ்டேட் கிளினிக்கில் இரவல் கேட்டு வேறு கீபோர்டு வாங்கி வந்தேன். மேசைக்கு அடியில் நுழைந்து, வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் துளையைத் தேடிச் சொருகினேன். அதிலும் அதே கோளாறு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பிரயோஜனமில்லை.

கீபோர்டு இல்லை என்றால் வேறு என்ன? எப்போதெல்லாம் போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். டீ நேரத்துக்குப் பிறகு. சாப்பாட்டுக்குப் பிறகு. நான் எழுந்து போய் வந்த ஒவ்வொரு தடவையும். மறுநாள் நாற்காலியை விட்டு நகரவே இல்லை. கூப்பிட வந்தவர்களிடம் "நீங்க போங்க, எனக்கு வேணாம்" என்றேன். கண்ட்ரோல் ஒரு தடவைகூடக் காலை வாரவில்லை.

நான் இல்லாதபோது என் இடத்தில் உட்காருகிறவர் ஒருவர்தான், பெரிய கிராணி. பிரிண்டர் என் கம்ப்யூட்டரில் இருப்பதால் கேட் பாஸ் அடிக்க வருவார். அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இங்க உக்காந்து ஒரு பாஸ் அடிங்க."

அவர் முகம் சுருங்கியது. "நான் ஒன்னையும் தொடலம்மா. பாஸ் மட்டுந்தான் அடிக்கிறேன்."

"ஒங்களக் குத்தம் சொல்லல அண்ணே. எப்பவும் அடிக்கிற மாதிரியே அடிங்க. நான் பாக்கணும்."

பக்கத்துக் கட்டடத்தில் இலை வாட்டும் காற்றாடிகளின் இரைச்சல். ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தேன். அவர் இடது கையால் ஷிஃப்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் முதல் எழுத்தைத் தட்டினார். 'டொய்ங்' என்று சின்னதாக ஒரு சத்தம், மேலிருந்து கீழே இறங்குகிற மாதிரி. உடனே அவரை எழுப்பிவிட்டு நான் தட்டிப் பார்த்தேன். என் வசதி அணைந்திருந்தது.

ஷிஃப்டைத் தட்டி மறுபடி போட்டேன். "இன்னொரு வாட்டி அண்ணே." மறுபடி அதே சத்தம், மறுபடி அணைந்தது. அவருக்கே ஆச்சரியம். "ரெண்டு கையால அடிச்சா கோவிச்சுக்குதா?"

அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இருந்தது. இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்கினால் இந்த வசதியை அணைத்துவிடு என்று ஒரு வரி, பக்கத்தில் டிக். ஈப்போப் பெண் அதை அந்தக் காலத்திலேயே எடுத்துவிட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியபோது டிக் திரும்பி வந்துவிட்டது. எடுத்துவிட்டேன். பெரிய கிராணி மறுபடி அடித்தார். சத்தம் இல்லை. நான் உட்கார்ந்து கண்ட்ரோல், சி, கண்ட்ரோல், வி தட்டினேன். லோரி நம்பர் கட்டத்துக்குக் கட்டம் போய் உட்கார்ந்தது. சிரித்தேனா, அழுதேனா என்று தெரியவில்லை. அண்ணன் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. இப்போது அவருக்குத் தொல்லை. ஷிஃப்டை விட்ட பிறகும் ஒட்டிக்கொண்டு, வேண்டாத இடத்தில் பெரிய எழுத்து விழுந்தது. அதனால் அவர் நுழைவதற்குத் தனி வழி, எனக்குத் தனி வழி என்று ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கு உண்டாக்கினேன். அவர் பக்கம் அந்த வசதியே கிடையாது.

வெள்ளிக்கிழமை மானேஜர் அறைக்கு நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். வந்து செய்து காட்டச் சொன்னார், காட்டினேன். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப கடைக்கு வேற ஆள் தேடணும்" என்றார்.

"தேடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த லோரியின் தாளை எடுத்தேன்.